ஆறுக்குக் கீழே எண்ணாதீர்கள்

ஆறு

இந்தக் கதை ஆறாம் பகுதியில் தொடங்குகிறது. முன்பக்கங்களை நான் கிழித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அங்கே எதுவும் இருக்கவில்லை. ஆறுக்குக் குறைந்த எந்த இலக்கத்தையும் இன்று காலை நான் எழுதப்போவதில்லை, சொல்லப்போவதில்லை, இயலுமானால் நினைக்கவும் போவதில்லை. இந்தக் கதை பிறந்ததே அதற்காகத்தான். கதை எழுதும்போது மட்டும் என் தலைக்குள் இலக்கம் ஓடுவதில்லை.

('ஒரு' என்ற சொல் இல்லாமல் தமிழ் எழுத எனக்கு வரவில்லை. தயவுசெய்து அதை இலக்கமாக எடுக்க வேண்டாம். யாரைக் கெஞ்சுகிறேன் என்பது பிறகு விளங்கும்.)

நேரம் காலை ஒன்பது மணி. தெருவுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட மண்டபத்தில் உயர்தரச் சோதனை நடக்கிறது. உயிரியல், பல்தேர்வு வினாத்தாள். ஐம்பது கேள்விகள், நூற்றிருபது நிமிடங்கள். விடை எல்லாமே ஆறுக்குக் குறைந்த இலக்கங்கள்தான். ஜெனிதா உள்ளே இருக்கிறாள். இந்தப் பக்கம், ஜவ்பர் நானாவின் போட்டோக்கொப்பிக் கடையில் கிறிஸ்டின் இருக்கிறாள்.

~~கிறிஸ்டின் நான் அல்ல.~~

வெட்டிவிட்டேன். ஆனாலும் அவளை முன்னால் நிறுத்தி, அவளுக்குப் பின்னால் நின்று எழுதுவதுதான் எனக்கு இலேசு. அப்படியே போகட்டும்.

(துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது.)

ஏழு

தொடக்கத்துக்கு இப்படி ஒரு வசனம் வைத்திருந்தேன்: 'பாலையூற்று ஊருக்கே தெரிந்த கெட்டிக்காரியான ஜெனிதா, இசட் புள்ளியில் நூலளவு வித்தியாசத்தால்...'

சந்தியில் நின்று அளக்கும் ஊர்வம்பு மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். ஆனால் நடந்தது அதுதான். மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை அவள் போன வருடம் அந்த நூலளவால் தவறவிட்டாள். சோதனை எழுத அனுமதிக்கும் தடவைகளில் இது அவளுக்குக் கடைசி. இனி இல்லை.

கட்டுரைக் கேள்விகளில் அவளை அடிக்க ஆளில்லை. பல்தேர்வில்தான் தடுமாறுவாள். ஆகவே ஓகஸ்ட் மாதம், கொழும்பில் தனியார் வகுப்பு நடத்தும் பேர்பெற்ற சேர் ஒருவரின் மாதிரித் தாள்களையும் அவற்றுக்கான விடைகளையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

“இந்தா, விடையெல்லாம் உன்னட்டையே கிடக்கட்டும். என்னட்டை இருந்தா கள்ளமாப் பாத்திடுவன். ஞாயிறு ஞாயிறு வாறன். பின்னறையிலை நேரம் வச்சு எழுதுவன், நீ திருத்து.”

தனக்கு உயிரியல் தெரியாது என்பதைக் கிறிஸ்டின் தலையை ஆட்டிச் சொன்னாள்.

“திருத்துறதுக்குப் படிப்பு என்னத்துக்கடி? ஓட்டைத் தாளே போதும்.”

ஓட்டைத் தாள் என்பது வேறெதுவுமில்லை. வெறும் விடைத்தாளை ஒரு கொப்பி எடுத்து, சரியான விடை வரும் இடங்களில் எல்லாம் கொளுத்திய ஊதுபத்தியால் சுட்டுத் துளை போடுவது. பிறகு எழுதிய தாளின்மேல் அதை வைத்து, துளைகளுக்குள் தெரியும் புள்ளடிக் குறிகளை எண்ணினால் மதிப்பெண். ஒரு மாணவி எதை நினைத்து விடை போட்டாள் என்று துளைக்குத் தேவையில்லை.

கிறிஸ்டினைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஜெனிதாவும் அவளும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். எழும்பி நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் கிறிஸ்டினுக்கு வாய் திறக்கும், சத்தம் வராது. வகுப்பு சிரிக்கும். ஒரு திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த திங்களும் போகவில்லை. போட்டோக்கொப்பி மெசினுக்குக் குரல் தேவையில்லை என்று கண்டுபிடித்து இங்கே வந்து சேர்ந்தாள். பழுதான போட்டோக்கொப்பிகளின் வெறும் பக்கம் மேலே வரத் தைத்து எழுதும் கொப்பியாக்கி, மேசைக்குக் கீழே வைத்துக் கதை எழுதுவாள்.

எட்டு

மூல விடையை வைத்துத் திருத்திய கடைசித் தாளில் ஜெனிதாவுக்கு இருபத்தொன்பது. அதற்குப் பிறகு மழை வந்தது. கூரை ஒழுகி, மையால் எழுதிய விடைக் கட்டு முழுவதும் நீலத் தண்ணியாகிப் போனது.

இந்த இடத்தில் வேறு எந்தப் பெட்டையும் சேரின் வகுப்புக்கு ஒரு போன் கோல் எடுத்திருப்பாள். கிறிஸ்டின் இலக்கங்களை அழுத்தினாள். மற்றப் பக்கம் “ஹலோ” என்றதும் வைத்துவிட்டாள். ஞாயிறு வந்தது. பின்னறையில் ஜெனிதா எழுதிக்கொண்டிருந்தாள். மெசினுக்குப் பின்னால் கிறிஸ்டின் ஊதுபத்தியைக் கொளுத்தி, மனம் போனபடி தலைக்குள் ஓடிய இலக்கங்களில் துளை போட்டாள்.

(இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. இவ்வளவு வெட்கம் யாருக்காவது இருக்குமா? ஆனால் அன்று அவளுடைய கை என் கையாக இருந்தது.)

குருட்டுத் துளைக்குப் பத்துப் புள்ளடி அகப்பட்டால் அதிகம். துளைத்தாளை வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு.

“பொய் சொல்லாதை!” என்று ஜெனிதா கதிரையிலிருந்து துள்ளி எழும்பினாள். “முப்பத்தாறோ? கிறிஸ்டின், நீ ராசியான ஆளடி.”

அந்தச் சந்தோசத்துக்கு முன்னால் வாய் திறக்க ஏலாமல் போனது. அடுத்த ஞாயிறும் மனம்போல் துளை. நாற்பது. அதற்கடுத்த ஞாயிறு நாற்பத்தேழு. துளைகளுக்குள் புள்ளடிகள் வரிசையாக நின்று அவளையே பார்த்தன.

(கப்பல் திரும்ப ஊதுகிறது. மழை மூட்டத்துக்காக இருக்கலாம்.)

ஒன்பது

சோதனைக்கு ஆறு நாள் இருக்கையில், நனைந்த விடைக் கட்டைக் குப்பையில் கண்ட ஜவ்பர் நானா கேட்டார்: “இது அந்தப் புள்ளைட விடையெல்லோ? நனைஞ்சா ஏன் புள்ள என்னட்டக் கேக்கல்ல? அண்டைக்கே படம் புடிச்சி வச்ச. என்ட போன்லதான் கிடக்கு.”

அவர் கடை பூட்டும் வரை கிறிஸ்டின் பழைய தாள்களைத் திரும்பத் திருத்தினாள். முப்பத்தாறு என்று எழுதிய தாளுக்கு உண்மையில் இருபத்தாறு. நாற்பது என்று எழுதியதற்குப் பதினேழு. நாற்பத்தேழு வாங்கிய தாளில் சரியான விடைகள் ஒன்பதே ஒன்பது. ஜெனிதா முன்னேறித்தான் இருந்தாள், ஆனால் உயிரியலில் இல்லை. கிறிஸ்டினை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் பஸ் நிலையத்தடியில் ஜெனிதாவை மறித்து, தாள்களை நீட்டினாள். வாய் திறந்தது. ஆச்சரியம், சத்தமும் வந்தது. “நான் பிழையாத் திருத்தினனான். ஓட்டை எல்லாம் என்ரை மனம்போலை சுட்டது.”

ஜெனிதா தாள்களை வாங்கிப் புரட்டினாள். அழவில்லை.

“அப்ப ஏன் பிழையான விடையளைச் சொல்லித் தந்தனீ?”

“நான் சொல்லேல்லையே.”

“விளையாடாதை. மெசினுக்குப் பின்னாலை இருந்து நீ இலக்கம் வாசிச்சுக்கொண்டே இருந்தனீ. கேள்வியை வாசிச்சு முடிக்கேக்கை உன்ரை குரல் வரும். நான் பாவமெண்டு விடையைப் பாத்துச் சொல்லுறாயாக்கும் எண்டு நினைச்சன். எனக்குத் தெரிஞ்ச விடையளையும் வெட்டிப்போட்டு உன்ரையைப் போட்டனான்.”

“என்ரை குரல் எப்பிடி இருந்தது?”

எதற்காக அதைக் கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“தெளிவா,” என்றாள் ஜெனிதா. “ஒன்பதாம் வகுப்பிலை அப்பிடி வாசிச்சிருந்தா ஆர் சிரிச்சிருப்பினம்?” பிறகு அவளுடைய முகம் மாறியது. “நேற்றுக் குசினியிலை தேத்தண்ணி போடேக்கையும் கேட்டது. அண்டைக்கு மண்டபத்துக்குள்ளையும் கேட்டா நான் முடிஞ்சன். கிறிஸ்டின், உன்னைக் கும்பிட்டன். அந்த நேரம் மட்டும் பேசாமல் இரு.”

வாழ்நாள் முழுவதும் பேசாமல் இருந்தவளிடம் இதைக் கேட்டாள்.

(கப்பல்.)

பத்து

பேசாமல் இருப்பது பெரிய காரியம் இல்லை. நினையாமல் இருப்பதுதான் காரியம். போட்டோக்கொப்பிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொண்டுவருவது இலக்கம்தான். எத்தனை கொப்பி என்று அவர்கள் வாய் திறக்க முன்னரே கிறிஸ்டின் ஆறை அழுத்திவிடுகிறாள். அடையாள அட்டையோடு வந்த மைமூனா ராத்தா கொப்பிக் கட்டைப் பார்த்துத் திகைத்தா.

“மகள், நான் ஆறு கேக்கல்லியே. ஒரு ஆளுக்கு எதுக்கு இவ்வளவு முகம்?”

“வச்சுக்கொள்ளுங்கோ ராத்தா.”

“இந்தப் புள்ளைக்குக் குரல் இருக்கா!” என்று சொல்லிக்கொண்டே போனா.

பத்து மணி கழிந்துவிட்டது. பல முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஜெனிதா வெள்ளைக் கோட்டோடு பெரியாஸ்பத்திரிப் படியேறும் முடிவு அழகாக இருந்தது. அதில் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வெட்டிவிட்டேன். பெறுபேறு வந்த அன்று அவள் கடைக்கு வந்து, மெசினுக்குப் பின்னால் இருக்கும் வெறும் கதிரையோடு நெடுநேரம் கதைத்துவிட்டுப் போகும் முடிவும் உண்டு. அதை வெட்டவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

இனிக் கிறிஸ்டின் என்று எழுத நேரமில்லை. கடையின் திறந்த கதவால் எனக்கு மண்டபத்தின் யன்னல் தெரிகிறது. ஓரத்து மேசையில் ஜெனிதாவின் பின்னல் தெரிகிறது. இவ்வளவு நேரமும் அவளுடைய தலை குனிந்தபடி இருந்தது. கை ஓடிக்கொண்டிருந்தது. என்னிடமிருந்து அவளுக்கு எதுவும் போகவில்லை, அது நிச்சயம். அவள் தன் விடைகளைத்தான் எழுதியிருக்கிறாள்.

இப்போது கை நின்றுவிட்டது. கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். தலை நிமிர்கிறது. யன்னல் பக்கம் திரும்பிக் காது கொடுக்கிறாள்.

கப்பல் ஊதுகிறது.

இந்தக் கதை தொடங்கியதிலிருந்து அது எத்தனை தரம் ஊதியது என்று நான் எண்ணவில்லை. சத்தியமாக எண்ணவில்லை. ஆனால் என் பக்கங்களை இதுவரை யாரும் வாசித்ததில்லை, வாசிக்கிறவர்களின் தலைக்குள் என்ன இலக்கம் ஓடும் என்பதை நான் யோசிக்க மறந்துவிட்டேன்.

நீங்கள் எண்ணினீர்களா?

மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவள் இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள். ஆனால் என்னை அல்ல.