ஐந்தேகாலுக்கு அணைந்த விளக்கு

எங்கள் பனிமலையில், சறுக்க வருகிறவர்களை மேலேற்றுகிற லிஃப்ட் சாயங்காலம் நாலரைக்கு நின்றுவிடும். குடிக்கிறவன் அதற்குப் பிறகுதான் சாவகாசமாகக் குடிக்க உட்காருவான். "இன்னும் ஒண்ணு, ரெஸி" என்பான். பனிச்சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு கீழே சறுக்கிப் போக வேண்டியவன் அவன். கவலைப்பட வேண்டியவள் நான். இருபத்தாறு குளிர்காலமாக இந்தக் கடையை நடத்துகிறேன். சூப் கொதிக்கவைப்பதைவிட வாடிக்கையாளரை வெளியே தள்ளுவதுதான் பெரிய வேலை.

என் கடை மலையின் இடுப்பில் இருக்கிறது. எனக்கு மேலே இக்னாஸின் கடை. இரண்டுக்கும் நடுவே கறுப்புச் சரிவு, மலையிலேயே கடினமான சரிவுக்கு அப்படித்தான் பெயர். பகலில் அதில் சறுக்குகிறவர்கள் பனியைக் கிளறிப் போட்டுவிடுவார்கள். இருட்டத் தொடங்கியதும் பனிவண்டி ஓட்டுகிற குயிரின் என்பவன் வந்து அதைச் சமன்படுத்துவான். செங்குத்துச் சரிவு என்பதால் வண்டி தானாக ஏறாது. மேலே பாறையில் இருக்கும் வளையத்தில் எஃகுக் கம்பியை மாட்டி, அந்தப் பிடியில் ஏறி இறங்கும். கம்பி விரல் தடிமன். வண்டி இழுக்கும்போது சரிவுக்குக் குறுக்கே விறைத்து நிற்கும், இடுப்பளவிலோ கழுத்தளவிலோ. அரையிருட்டில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. வேகமாக வருகிறவனுக்கு அடுத்த நாள் கிடையாது.

அதனால்தான் எங்களுக்குள் ஒரு வழக்கம். இக்னாஸ் தன் கடையைக் காலி செய்ததும் எனக்கு போன் போடுவான். அவனுடைய ஆட்கள் என் கடையைத் தாண்டிப் போனதும் நான் குயிரினிடம் "போ" என்பேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் கம்பி.

நடுவில் இரண்டு குளிர்காலம் அந்த போன் வரவில்லை. காரணம் என் வாய்.

என் மகள் ரொமானா என்னிடம்தான் அடுப்படியில் இருந்தாள். ஒருநாள், கடை நிரம்பி வழிகிற மத்தியானம், அவள் சுட்ட ஷ்மாரனை, அதுதான் முட்டையும் மாவும் அடித்துச் சுட்டுப் பிய்த்துப் போடுகிற இனிப்புப் பணியாரம், ஒரு வாய் தின்றுவிட்டு, "இதைக் கன்னுக்குட்டிக்குப் போடு" என்றேன். அத்தனை பேர் முன்னால். சிரித்தார்கள். துண்டுகளைப் பெரிதாகப் பிய்த்திருந்தாள், அவ்வளவுதான் குற்றம். அவள் ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் மடித்து வைத்தாள். கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறி நேராக இக்னாஸிடம் போய்விட்டாள். அந்தப் பயல் மறுநாளே என் வாசலுக்கு எதிரே ஒரு பலகை நட்டான்: "ரொமானாவின் ஷ்மாரன், மேலே." அம்புக்குறி வேறு. நான் போன் போட்டுக் கத்திய கத்தலில் அவன் என் எண்ணைத் தடைசெய்துவிட்டான்.

சமாதானம் பேச வந்தவன் குயிரின். "பேசவே வேணாம், அக்கா. கடை காலியானா அவன் வாசல் விளக்க அணைக்கட்டும். நீ பாத்துட்டு என்கிட்ட சொல்லு. ரெண்டு பேருக்கும் வாய் வலிக்காது" என்றான். இப்படி ஒரு முட்டாள்தனத்துக்கு மூன்று பேரும் தலையாட்டினோம்.

அந்தப் பிப்ரவரி நாளில் மத்தியானத்திலிருந்தே தெற்குக் காற்று. வெதுவெதுப்பாக, எரிச்சலாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றடித்தால் எனக்குத் தலைவலி வரும். தலைவலி வந்தால் எல்லாரையும் சீக்கிரம் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தத் தோன்றும். ஐந்து மணிக்கு என் கடை காலி. குயிரின் மட்டும் உட்கார்ந்து ஈரல் உருண்டை சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். மேலிருந்து நாலு பேர் பாடிக்கொண்டே வந்து, வாசலில் கையாட்டிவிட்டுக் கீழே போனார்கள். ஐந்தேகாலுக்கு இக்னாஸின் விளக்கு அணைந்தது.

போன நாலு பேர்தான் கடைசி ஆட்கள் என்று நானே முடிவு கட்டினேன். இன்னும் பத்து நிமிஷம் பார்ப்பதுதான் முறை. நான் பார்க்கவில்லை.

"அணைஞ்சிடுச்சு. போ" என்றேன்.

"சூப்ப முடிச்சிக்கிறேனே."

"வந்து குடி. சூடு பண்ணித் தரேன். இந்தக் காத்து இன்னும் ஏறும்."

அவன் முனகிக்கொண்டே தொப்பியைத் தேடினான், கிடைக்கவில்லை, தலையில் எதுவும் இல்லாமலே போனான். வண்டியின் மஞ்சள் விளக்கு சரிவின் ஓரமாக ஏறிப் போனது.

நான் வெளியே வந்து, பெஞ்சுகளில் போர்த்தியிருந்த ஆட்டுத்தோல்களை எடுத்து அடுக்கினேன். நாலாவது தோலைத் தூக்கும்போது காற்று ஒரு பக்கம் திரும்பியது. மேலே அக்கார்டியன் கேட்டது. கூடவே பாட்டு. ஏழெட்டுக் குரல் இருக்கும், மேசையைத் தட்டுகிற சத்தமும்.

விளக்கு அணைந்த கடையில் யார் பாடுவது?

தோல் கையிலிருந்து நழுவியது. அணைந்திருந்தது அவனுடைய வாசல் விளக்கு மட்டுமில்லை. அடுப்படி ஜன்னலும் இருட்டு, மாடியும் இருட்டு. வெறும் கடையென்றாலும் மாடியில் இக்னாஸுக்கு ஒரு விளக்கு எரியும். காற்றில் மேலே போகிற மின்கம்பி அறுந்திருக்கிறது. அவர்கள் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் குடிக்கக் கிடைத்தால் எவன் எழுந்திருப்பான்? விளக்கு அணைந்ததை நான் கீழே எப்படி எடுத்துக்கொள்வேன் என்று ஒருவனுக்கும் நினைவில்லை. ரொமானாவும் அங்கேதான் இருந்தாள்.

உள்ளே ஓடினேன். குயிரினுக்கு போன் போட்டேன். என் பின்னாலேயே மணி அடித்தது. பெஞ்சில், அவன் தேடிய தொப்பிக்கு அடியில், போன் கிடந்தது.

இக்னாஸுக்குப் போட்டேன். போகவில்லை. எப்படிப் போகும்? ரொமானாவுக்குப் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அடுப்படியில் நிற்கும்போது போனைத் தொடக்கூடாது என்று அவளுக்குப் பழக்கியவள் நான். அதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

கீழே லிஃப்ட் அறைக்குப் போட்டேன். "ரேடியோல கூப்பிட்டுப் பாக்கறேன். வளையத்துல மாட்ட இறங்கியிருப்பான், கேக்காது" என்றது அங்கிருந்த பெண் குரல். "கூப்பிட்டுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜன்னல் வழியே பார்த்தேன். மஞ்சள் விளக்கு உச்சிக்கே போய்விட்டது. இக்னாஸின் கடைக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் பாறை முகடு மறைக்கும். அங்கிருந்து அவர்களுக்கு வண்டி தெரியாது. இந்தக் காற்றில் சத்தமும் கேட்காது. கொஞ்ச நேரம் விளக்கு அசையாமல் நின்றது. பிறகு மெல்லத் திரும்பிக் கீழ்நோக்கி வரத் தொடங்கியது. கம்பி மாட்டியாகிவிட்டது.

கட்டைக்கு அடியில் வழுக்காத தோல்பட்டை ஒட்டிக்கொண்டு ஏறினால் எனக்கு அரை மணி நேரம். அவர்கள் கிளம்ப அவ்வளவு நேரம் ஆகாது.

மலையில் பிறந்தவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதற்கு முன்பே ஒன்று கற்பிப்பார்கள். நிமிஷத்துக்கு ஆறு தடவை விளக்கை அசை, ஒரு நிமிஷம் நிறுத்து, மறுபடி ஆறு. உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். பார்க்கிறவன் எதிரியானாலும் மூன்று தடவை பதில் சொல்லியே ஆக வேண்டும், வந்தே ஆக வேண்டும். இதை விளையாட்டுக்குச் செய்தவனை ஊரே ஒதுக்கி வைத்துவிடும்.

வாசல் விளக்கின் சுவிட்சில் கை வைத்தேன். பார்த்தால் குயிரின் வேலையை நிறுத்துவான், இக்னாஸ் என்னவென்று கேட்பான். போட்டேன், அணைத்தேன், பத்து வரை எண்ணினேன். ஆறு முடிந்தது. ஒரு நிமிஷம் நின்றேன். அந்த ஒரு நிமிஷம் எப்படி நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். மறுபடி ஆறு.

பனிவண்டியின் முன்விளக்கு மூன்று முறை மினுக்கியது. குயிரின் பார்த்துவிட்டான். மேலே இக்னாஸின் வாசலில் ஒரு டார்ச், அதுவும் மூன்று. பாட்டு நின்றுவிட்டது. எனக்குப் போன உயிர் வந்தது.

போன் அடித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இக்னாஸின் பெயர்.

"ரெஸி, யாருக்கு என்ன ஆச்சு? நெஞ்சு வலியா?"

"இக்னாஸ், யாரையும் எறக்காத. கம்பி மாட்டியாச்சு. குயிரின் சரிவுல இருக்கான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதா? ஒருத்தனையும் விடாத."

"ரொமானா போயிட்டா" என்றான். "உன் விளக்கு ரெண்டாவது தடவ ஆறு போட்டதும், மருந்துப் பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. அம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு. நான் கத்தினேன், ரெஸி. நிக்கல."

போனை எங்கே வைத்தேன் என்று தெரியாது. வெளியே ஓடினேன். ஆறு போட்டால் வந்தே ஆக வேண்டும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தானே.

முகட்டைத் தாண்டி ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. நெற்றி விளக்கு. வளைவே போடாமல் நேராக இறங்கினாள். எந்த மகளும் அவ்வளவு வேகமாக வரக்கூடாது. நடுவில் எங்கோ குயிரினின் வண்டி, அதற்கும் மேலே இருட்டில் கம்பி. நான் கத்தினேன். காற்று அதை என் வாயிலேயே திருப்பித் திணித்தது. விளக்கை அணைக்கலாமா, அணைத்தால் நிற்பாளா, இன்னும் பயந்து இன்னும் வேகமாக வருவாளா? சுவிட்சை நோக்கி இரண்டு அடி வைத்தேன், திரும்பினேன், மறுபடி வைத்தேன்.

வெளிச்சம் ஒரு துள்ளு துள்ளி அணைந்துபோனது.

நான் கடவுளை அடிக்கடி கூப்பிடுகிறவள் இல்லை. அப்போது கூப்பிட்டேன். என் கடையை எடுத்துக்கொள், என் நாக்கை எடுத்துக்கொள் என்றேன். பனியில் முழங்கால் புதையப் புதையச் சரிவைப் பார்த்து ஏறத் தொடங்கினேன். எவ்வளவு ஏறினேன் என்று தெரியாது. வண்டியின் வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு உருவம் வந்தது. ஒற்றைக் கட்டையில், ஒரு காலை இழுத்துக்கொண்டு, சறுக்குவதும் உட்காருவதுமாக.

மூக்கிலிருந்து ரத்தம். நெற்றி விளக்கு இல்லை. முதுகில் மருந்துப் பை அப்படியே இருந்தது.

"எங்க அடி, அம்மா?" என்றாள் என்னைப் பிடித்துக்கொண்டு. "எங்க வலிக்குது? உக்காரு."

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"அப்ப ஆறு எதுக்குப் போட்ட?"

"உனக்காகத்தான் போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. பின்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு குயிரின் ஓடி வந்தான். அவன் முகம் மாவு பூசியதுபோல வெளுத்திருந்தது.

"ஆறப் பாத்தேன். உனக்குத்தான் ஏதோன்னு நெனச்சேன், அக்கா. சீக்கிரம் எறங்கணும்னு கம்பியச் சுத்தமா லூசாக்கிட்டேன். அது தரையில விழுந்து, நான் ஒரு மூச்சு விட்டிருப்பேன், இவ அதுமேல தடுக்கிப் பறந்து போறா." தன் கையை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்துக் காட்டினான். "அதுக்கு முன்னாடி கம்பி இங்க நின்னுச்சு."

ரொமானா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவனப் போன்னு சொன்னது யாரு?"

"நான்தான்" என்றேன். "விளக்கு அணைஞ்சிருந்துச்சு. பத்து நிமிஷம் காத்திருக்கல. என் தப்பு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய சொல். வேறு விஷயத்துக்காக வெளியே வந்தது. அவள் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நொண்டினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து இக்னாஸ் தன் ஒன்பது ஆட்களைக் காட்டுப் பாதை வழியாக நடத்தியே கூட்டிவந்தான். எல்லார் தோளிலும் கட்டை, முகத்தில் போதை இறங்கிப்போன பயம். ஒருவன் மட்டும் இன்னும் தெளியாமல், "ரெஸி, ஒரு ஷ்னாப்ஸ்" என்றான். "இன்னைக்கு உனக்குத் தண்ணிதான்" என்றேன். இக்னாஸுக்கு மட்டும் ஊற்றினேன். அவன் ஒரே மடக்கில் குடித்தான்.

"கரண்டு போனதும் உனக்குச் சொல்லணும்னு தோணலயே எனக்கு" என்றான்.

"தோணியிருந்தாலும் நான் எடுத்திருப்பேனான்னு தெரியல."

"நாளைக்கு அந்தப் பலகையப் பிடுங்கிடறேன்."

"இருக்கட்டும். அம்ப மட்டும் நேரா வையி, கோணலா இருக்கு."

ஒன்பது பேரும் பசி என்றார்கள். மேலே அடுப்பு அணைந்ததால் யாருக்கும் சாப்பாடு கிடைக்கவில்லையாம். நான் எழுவதற்குள் ரொமானா அடுப்படிக்குள் போய்விட்டாள், மூக்கில் பஞ்சோடு. முட்டை உடைக்கிற சத்தம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. இரண்டு முள்கரண்டியால் பிய்த்துப் பெரிய பெரிய துண்டுகளாகக் கொண்டுவந்து வைத்தாள், பிளம் பழக் குழம்போடு. எனக்கும் ஒரு தட்டு. நன்றாக இருந்தது. அப்போதும் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும். சாப்பிடச் சாப்பிட அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"உப்பு கூடவா?" என்றாள்.

"பேசாம இரு" என்றேன்.

அவள் என்னிடம் திரும்பி வந்துவிடவில்லை. கால் சரியானதும் மேலேதான் போனாள். அவள் பெயர் போட்ட பலகை மேலேதான் காட்டுகிறது, போகத்தான் வேண்டும். ஆனால் தினமும் ஐந்து மணிக்கு மேல் என் போன் அடிக்கிறது.

"அம்மா, மேல காலி. கடைசி ஆள் நான்."

அவ்வளவுதான் சொல்வாள். நான் வாசலுக்கு வந்து நிற்பேன். உள்ளே குயிரின் சூப்பைக் குடித்து முடித்து, தொப்பியும் போனும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பான். ஒவ்வொருவராக வருவார்கள், எண்ணுவேன். கடைசியாக அவள் வருவாள். நிற்க மாட்டாள், கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே போய்விடுவாள். அவள் வளைவில் திரும்பும்வரை பார்த்துவிட்டுத்தான் குயிரினிடம் "போ" என்கிறேன்.