நீலச் சில்லு

தீபாவளி முடிந்த லீவில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போனார்கள். கருப்பம்மாளோடு மகள் சினேகாவும் வந்திருந்தாள். சாமி கும்பிட்ட கையோடு கருப்பம்மாள் கடற்கரையில் இறங்கினவள்தான், கூப்பிடக் கூப்பிட வரவில்லை. கடல் தேய்த்துத் தேய்த்து முனை மழுங்கிய கண்ணாடிச் சில்லுகள் ஈரமணலில் அங்கங்கே கிடந்தன. தாயில்பட்டி கம்பெனியில் அவளுக்கு வெடிமருந்து சலிக்கிற வேலை. பொடியில் துளி மண் கிடந்து உரசினாலும் தீதான். அதையே தேடித் தேடித் தேய்ந்த கண். இங்கே செருப்பை உதறிவிட்டுக் காலாலேயே துழாவினாள்.

"ஏத்தா சினேகா, இங்கன பாரேன். பச்சை!"

"பீர் பாட்டில்மா அது."

"எந்தக் குடிகாரப்பய எறிஞ்சதோ, கடல் கழுவிக் குடுத்திருச்சுல்ல? பி.எஸ்சி. படிச்சு நீ என்னத்தக் கண்ட?"

சல்லடையில் கல்லைக் கண்டால் வெளிறிப் போகிற முகம், அன்றைக்குச் சில்லைக் கண்டு சிரித்தது. மடி நிறையப் பச்சையும் பழுப்பும் வெள்ளையும். கிளம்புகிற நேரத்தில் பெருவிரலில் ஒரு நீலம் இடறியது. ஒன்றே ஒன்று. வேனில் ஒருத்தியையும் அவள் அதைத் தொடவிடவில்லை.

கம்பெனி திறந்த அன்று, திருச்செந்தூர் வராதவர்களுக்குக் காட்ட அந்த நீலத்தை எடுத்துப் போனாள். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அறை வெடித்தது. உயிரோடு வந்தது கருப்பம்மாள் மட்டும்தான். கண்ணிலும் இரண்டு கையிலும் கட்டு.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று போர்மேன் அய்யாதுரை கேட்டார்: "மடியில வச்சிருந்த கண்ணாடிதான உரசிருச்சு? காலையில நீ காட்டிக்கிட்டு அலைஞ்சத நானே பாத்தேனே."

"ஆமாண்ணே. மடியிலதான் முடிஞ்சிருந்தேன். அம்புட்டுப் பேரையும் நாந்தான் கொன்னுட்டேன்."

சினேகா அவரை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். "ஆர்டருக்காக அத்தனை பேரையும் ஒரே ரூம்ல அடைச்சது யாருய்யா?"

"கத்தாத பாப்பா. ஒங்காத்தாளே ஒத்துக்கிட்டா."

சினேகா அம்மாவின் தூக்குவாளியை எடுக்கப் பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போனாள். சோற்றை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். தூக்குவாளிகள் எப்போதும் வேலிக்கு வெளியே வேப்பமரத்தில்தான் தொங்கும். செத்தவர்களுடையதும் தொங்கின. அம்மாவுடையதைத் திறந்தாள். ஊசிப்போன மீதிச் சோற்றின் மேல், தாளில் பொதிந்து, நீலம்.

"அம்மா, தூக்குவாளிக்குள்ளதான் இருந்துச்சு. நீ உள்ள கொண்டுபோகவே இல்ல. வச்சத மறந்துட்ட."

"போத்தா. வீட்டு டப்பாவுல கெடக்குற சில்லுல ஒண்ணை எடுத்தாந்து ஏமாத்துத."

காட்டக் கண் இல்லை. கொடுக்கக் கை இல்லை. தீ தொடாத இடம் உள்ளங்கால்தான். சினேகா சில்லை அங்கே வைத்து அழுத்தினாள். பாதம் அதை மெல்ல உருட்டியது. உதடு லேசாக நெகிழ்ந்தது.

"வளவளன்னு இருக்கு. பச்சைதான?"

"நீலம்மா. சத்தியமா நீலம்."

"படிச்ச புள்ளையில்ல, எனக்காகச் சொல்லுத."

கால் சில்லைத் தள்ளிவிட்டது. அன்று சாயங்காலமே கருப்பம்மாள் போய்விட்டாள், கொலைகாரியாகவே.

கட்டிலைக் காலி பண்ணும்போது கூட்ட வந்த பெண் குனிந்து பார்த்தாள். "கண்ணாடி கெடக்கும்மா, தள்ளி நில்லு. குத்திரும்."

"அது யாரையும் ஒண்ணும் செய்யலக்கா" என்றாள் சினேகா. அந்தப் பெண் அதற்குள் கூட்டித் தள்ளியிருந்தாள்.