ரசமட்டம் வைத்துப் பார்த்த ராசா

ஒஸ்லோ தமிழ் ஊர்ச்சங்கங்களின் கூட்டமைப்பு குணசிங்கத்தை ராசாவாக்கிய மாலையிலிருந்து அவருடைய கால் நிலத்தில் படவில்லை. ஒரு சாண் உயரம், அவ்வளவுதான். ரொம்சோஸில் பஸ்ஸுக்கு நின்றாலும் சரி, கடையில் மீன் வாங்கினாலும் சரி, சப்பாத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ராசா எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் விழாக்களுக்கு வந்ததில்லை. மங்கள விளக்கின் முதல் திரியை எந்தச் சங்கத் தலைவர் ஏற்றுவது என்று நெருப்புப்பெட்டியை இழுத்துப் பறித்து, ஒரு பொங்கல் விழாவையே இருட்டில் நடத்தியவர்கள் நாங்கள். இந்த நாட்டிலும் ராசா இருக்கிறார், ஆளுவதில்லை, ஒருவரும் அவரோடு சண்டைக்குப் போவதுமில்லை. நாமும் ஒருவரை வைத்தால் என்ன என்று யாரோ கேட்க, சபை கைதட்டியது. முதல் திரி ராசாவுக்கு. தீர்மானங்களில் கையெழுத்தும் அவருக்கு. ஆனால் அவர் அபிப்பிராயம் சொல்லக் கூடாது, தீர்மானம் கொண்டுவரக் கூடாது. ராசா கையெழுத்து வைக்காத தீர்மானம் செல்லாது, அதை முதலில் கொண்டுவந்தவரேதான் மறுபடி முன்வைக்க வேண்டும்.

கிழக்கிலங்கை மட்டக்களப்பாரான குணசிங்கம் வாய் திறக்காத மனிதர், அதனால்தான் தெரிவானார். ஆனால் வாய் திறக்காதவரை யார் நம்புவது? பனியில் காலடித் தடமும் விழாததால், எந்த வீட்டுக்குப் போய் யாரோடு கதைத்துவிட்டு வருகிறார் என்று பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்துச் சங்கங்களின் பெரிய தலை அருளானந்தன் ஒருநாள் சுவர் கட்டுபவர்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டம் கொண்டுவந்து அவருடைய சப்பாத்தின் கீழ் பிடித்தார். "பார்த்தியளே? ஆள் கிழக்குப் பக்கம் சரிஞ்செல்லோ மிதக்கிறார்!" குமிழி நட்டநடுவில் நின்றது. அதைக் கண்ட கிழக்குச் சங்கத்தாருக்கும் சந்தேகம் பிடித்தது. நம்முடைய ஆள் நம் பக்கம் கொஞ்சமாவது சரியவேண்டாமா?

பிறகு அருளானந்தன் தீர்மானம் ஒன்று கொண்டுவந்தார். சங்கத்துக்கு ஒரு வாக்கு என்பது போய், இனி ஆள்தொகைப்படி வாக்கு. சின்னஞ்சிறு கிழக்குச் சங்கங்களின் கதை அதோடு சரி, மண்டபத்தில் அவர்கள் நடத்தும் பிள்ளைகளின் வகுப்பும் போய்விடும். ஒரேயொரு வாக்கால் அது நிறைவேறியது. ராசாவின் கையெழுத்துத்தான் மிச்சம். அந்த வகுப்பின் ஆசிரியை பூரணி, குணசிங்கத்தின் மனைவி.

"இஞ்ச பாருங்க, அதில கையெழுத்து வச்சீங்களெண்டா வீட்டுப்பக்கம் வராதீங்க."

"வைக்காட்டி நான் ராசா இல்ல, பூரணி."

"ராசாவா இருந்து என்னத்தக் கிழிச்சீங்க?"

சபையில் குணசிங்கம் பேனையைத் திறந்தார், மூடினார். "இது அநியாயம்" என்றார். அபிப்பிராயம் வந்துவிட்டது, சொல்லி முடிக்கமுன் ராசா பதவி போய்த் தொப்பென்று தரையில் விழுந்தார். மனிதர் பாவம், முழங்காலில் நல்ல அடி. "நான் அப்பவே சொன்னனான், ஆள் அவையின்ரை பக்கம்தான்!" என்று துள்ளினார் அருளானந்தன். அடுத்த ராசா தன் ஆளாக இருந்தால் தீர்மானத்தை மறுபடி முன்வைத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அப்போது பூரணி எழுந்தார். அருளானந்தன் அண்ணனை விடப் பொருத்தமான ராசா யார் இருக்கிறார் என்று கேட்டார். அருளானந்தனின் ஆட்கள் மரியாதை என்று நினைத்துக் கைதட்டினார்கள், கிழக்கார் அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். மாலை கழுத்தில் விழுந்ததும் அருளானந்தன் ஒரு சாண் எழும்பினார். தீர்மானத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், காலைக் குனிந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

குணசிங்கம் புது ராசாவின் சப்பாத்தின் கீழ் ரசமட்டத்தைப் பிடித்தார். குமிழி நடுவில் நின்றது. கிழக்கார் நம்பாமல் இன்னொரு ரசமட்டம் கேட்டார்கள். ராசா முதல் திரியை ஏற்ற, நாங்கள் வடைக்கு வரிசையில் நின்றோம்.

குணசிங்கமும் பூரணியும் பனியில் நடந்து வீடு போனார்கள். பூரணி திரும்பிப் பார்த்தார், இரண்டு பேரின் தடங்களும் இருந்தன. ஆனாலும் வாசலில் அவரை நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி அடியைத் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது. உள்ளே விட்டார்.