பருந்துக்குத் தொப்பை

“நீலப்புயலா? அதெல்லாம் ஒரு படமா மாப்ள? போர்வையப் போத்திக்கிட்டு மாடியிலேர்ந்து குதிக்கிறவனெல்லாம் சூப்பர்ஹீரோன்னா…”

“போர்வை இல்ல மச்சான், அங்கி. அந்த அங்கி காத்துல விரியறப்ப…”

“இரு, நான் முடிச்சிக்கிறேன்…”

“நீங்க என்னைக்கு முடிச்சிருக்கீங்க? நீங்க பேச ஆரம்பிச்சா நடுவுல இடைவேளை விடணும். அங்கியத் தச்சவ அதோ உக்காந்திருக்கா, அவளையே கேளுங்க.”

“அவளக் கேட்டு? நம்ம செம்பருந்து படத்த அவ பாத்ததே கிடையாது. ஒரு படத்த மட்டும் பாத்துட்டுத் தீர்ப்புச் சொல்ற ஜட்ஜம்மா!”

தையல்காரி தலையைத் தூக்கவில்லை. மெஷினில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடைக் கால்சட்டை ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வந்த அண்ணன் இன்னும் கிளம்பின பாடில்லை. அவர் வாங்கிவந்த இனிப்புப் பெட்டி பிரிக்காமல் மேசை மேல் கிடந்தது.

அண்ணனை ஊர் உலகம் மாஸ்டர் என்று கூப்பிடும். சினிமாவில் சண்டை அமைப்பவர். எதிரே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் அவள் புருஷன். ஹீரோக்களுக்கு டூப் போட்டுக்கொண்டிருந்தவன். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடி படாது என்பதால் அவனுக்குப் பஞ்சு என்று பெயர். கடைசியாகச் செம்பருந்து படப்பிடிப்பில் விழுந்தபோது இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

டிவிக்காரர்கள் ஓட்டெடுப்பு வைத்திருந்தார்கள். மனுசர்களே நடித்த சூப்பர்ஹீரோ படங்களில் தலைசிறந்தது எது? கார்ட்டூனெல்லாம் கணக்கில் கிடையாது. சலித்துச் சலித்துக் கடைசியில் நின்றவை இரண்டு: நீலப்புயல், செம்பருந்து. இரண்டிலும் பறந்தது பஞ்சு. நீலப்புயலில் மாஸ்டர் வெறும் உதவியாளர். செம்பருந்தில்தான் அவர் பெயர் தனியாகத் திரையில் வந்தது. அது ஜெயித்தால் மேடை உண்டு, மேடை ஏறினால் கையை விட்டுப் போன வாய்ப்புகள் திரும்பும் என்று அவருக்கு ஒரு நப்பாசை. அதற்காகத்தான் வந்திருந்தார். பஞ்சு ஒரே ஒரு வார்த்தை, “செம்பருந்துதான் பெஸ்ட்” என்று, ஃபோனைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

பஞ்சுவோ நீலப்புயலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

“செம்பருந்துல வில்லனுக்கு என்னதான் வேணும் மச்சான்? ஊர அழிக்கணுங்கறான். அழிச்சிட்டு எங்க போய்க் குடியிருப்பான்?”

“அட, வில்லன் வீட்டு வாடகையெல்லாம் உனக்கெதுக்குடா?”

“கேட்டா தப்பா? நீலப்புயல்ல வில்லன் ஒரு டாக்டர். புள்ள செத்துப்போச்சு, அதனால கெட்டவனாயிட்டான். நியாயம் இருக்கு.”

“நியாயம் பாக்கவா டிக்கெட் எடுக்கறான்? பறக்கறதப் பாக்க வரான்! நீலப்புயல்ல நீ பறந்தப்ப வயரு தெரிஞ்சுது. முன்வரிசைல ஒருத்தன், ‘துணி காயுதுடோய்’னு கத்தினான், ஞாபகம் இருக்கா?”

பஞ்சுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வயரு தெரிஞ்சா என்ன? வயரு தாங்குச்சில்ல? அதுபோதும்.”

அவன் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. மாஸ்டர் அதைக் காதில் வாங்காத மாதிரி இனிப்புப் பெட்டியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

தையல்காரி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். “போதும் விடுண்ணே. இடுப்புல ஒரு வயரு கொக்கிய ஒழுங்கா மாட்டத் தெரியாத மனுசன்கிட்டப் போய் எந்தப் படம் நல்ல படம்னு கேட்டுட்டிருக்க.”

இது புதிய பேச்சு அல்ல. அவனைத் தூக்கி உட்காரவைக்கும்போது சொல்வாள். முதுகைத் துடைக்கும்போது சொல்வாள். வாடகை வீட்டில் படி இருக்கிறது, கதவு குறுகல் என்று ஒவ்வொரு வீடாக மாறும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள். கொக்கியைச் சரியாக மாட்டாமல் குதித்துவிட்டான், அலட்சியம், என்று அண்ணன்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொல்லும்போது அழவும் செய்தார். கம்பெனிக்காரர்களும் அதையே சொன்னார்கள். பஞ்சு ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்காததே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

“ஏம்மா, அவன ஏன் குத்திக்கிட்டே இருக்க?” என்றார் மாஸ்டர், பெரிய மனசோடு. “விதி. யார் என்ன செய்ய முடியும்?”

பஞ்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சரி, கதைய விடு, வில்லன விடு. மாப்ள, ஒரு ஷாட். ஒரே ஒரு ஷாட். மணிக்கூண்டு ஷாட்டுக்கு நீலப்புயல்ல பதில் இருக்கா? சொல்லு!”

“அத எடுக்காதீங்க மச்சான்.”

“பாத்தியா, பயந்துட்டான்! தோத்துருவோம்னு பயம்!”

“பயமில்ல. வேணாம்னு சொல்றேன். நீங்க கேட்ட மாதிரி செம்பருந்துதான் பெஸ்ட்டுன்னு சொல்லித் தொலைக்கிறேன். ஃபோன நீட்டுங்க, சொல்றேன்.”

அந்த இடத்தில் மாஸ்டர் ஃபோனை நீட்டியிருந்தால் வந்த வேலை முடிந்திருக்கும். ஆனால் வாதத்தில் ஜெயிக்கிற நேரத்தில் யார் நிறுத்துவார்கள்? அதுவும் அவர். பழைய கொக்கிப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்த சங்கதியாகிவிட்டிருந்தது. அந்த ஷாட்டில் ஒளிக்க ஏதாவது உண்டு என்ற நினைப்பே இல்லாமல் ஃபோனைத் தட்டித் தேடி எடுத்தார். நேரே தங்கையின் மெஷினுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“நீயே பாரு. இவன் அடிபட்ட ஷாட்டுன்னு இத்தன வருஷமா வீம்பு புடிச்சிக்கிட்டுப் பாக்காம இருக்க. உன் புருஷன் எவ்வளவு அழகா விழறான்னு ஒரு தடவ பாரு. உலகத்துல எவனும் இப்படி விழுந்ததில்ல.”

“நீ பாக்காத,” என்றான் பஞ்சு. அவன் அவளிடம் இவ்வளவு உரக்கப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவள் செய்யாமல் விடுகிற ரகம் இல்லை. பார்த்தாள்.

மணிக்கூண்டின் விளிம்பில் சிவப்பு உடையில் ஒருத்தன். முகமூடி போட்டிருந்தாலும் அந்தத் தோளை அவளுக்குத் தெரியாதா? கையை விரித்துச் சாய்கிறான். காமிரா கூடவே இறங்குகிறது. வெயில் மார்பில் பட்டு மின்னுகிறது.

“இன்னொரு தடவ போடு.”

“பாத்தியா மாப்ள! இன்னொரு தடவ கேக்கறா!”

மறுபடி பார்த்தாள். வெயில் பட்ட இடம் வந்ததும் விரலால் தொட்டுப் படத்தை நிறுத்தினாள். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள்.

அவள் வேலைபார்த்த சினிமா உடை அறையில் ஒவ்வொரு உடையையும் இரண்டாகத் தைப்பது வழக்கம். ஹீரோவுக்கு ஒன்று, டூப்புக்கு ஒன்று. ஹீரோ உடை உடம்போடு ஒட்டியிருக்கும். டூப் உடையில் இடுப்புச் சுற்றளவைக் கூட்டித் தைப்பார்கள். உள்ளே மெத்தை வைத்த பெல்ட்டைக் கட்டி, அதில்தான் வயர்களை மாட்டவேண்டும். செம்பருந்தின் மார்பில் இருக்கும் பருந்தை ஹீரோ உடையில் மட்டும் ஜரிகையால் அவளே உட்கார்ந்து பின்னினாள். டூப் உடையில் அது வெறும் பெயின்ட். வயரில் ஜரிகை சிக்கக்கூடாதே.

பெயின்ட் இப்படி மின்னாது. இடுப்பில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு புடைப்பு இல்லை. வழுவழுவென்று, மீனின் உடம்பு மாதிரி.

“அண்ணே.”

“சொல்லும்மா.”

“இது ஹீரோவோட சட்ட.”

“எது?”

“இவரு போட்டிருக்கறது. நான் பின்னின ஜரிகை. இதுக்குள்ள பெல்ட்டு போகாது.”

“அது… கம்ப்யூட்டர்ல பளபளப்பு ஏத்துவாங்கம்மா.”

“இடுப்பையும் கம்ப்யூட்டர்லயா இளைக்க வெச்சாங்க?”

மாஸ்டர் ஃபோனை வாங்கக் கையை நீட்டினார். அவள் தரவில்லை.

“அன்னிக்குப் போட்டிருந்த துணிய ஆஸ்பத்திரில வெட்டிக் குப்பையில போட்டுட்டாங்கன்னு சொன்னியே. நான் கேட்டப்போ, அது எதுக்கு உனக்குன்னு அதட்டினியே. டூப் சட்ட எங்க போச்சு?”

“எப்பவோ நடந்தத இப்ப…”

“ஏங்க,” என்று புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. பெல்ட்டு இருந்துச்சா?”

பஞ்சு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். “மெத்தை இல்லாத பட்டை ஒண்ணு இருந்துச்சு. மெலிசா. அதுதான் உள்ள போச்சு. வயர அதுல மாட்டினாங்க, அது தாங்கல.”

“யாரு சொன்னது அதக் கட்டிக்கச் சொல்லி?”

“விடு.”

“யாருங்க சொன்னது?”

“பெல்ட்டு புடைப்ப டைரக்டரு மானிட்டர்ல பாத்துட்டு, ‘என்னய்யா இது, பருந்துக்குத் தொப்பையா?’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.” “நானும் சிரிச்சேன்.”

“அப்புறம்?”

“வெளிச்சம் போயிட்டிருந்துச்சு,” என்றார் மாஸ்டர் குறுக்கே புகுந்து. “உனக்குத் தெரியாதும்மா அந்த அவசரம். எனக்கு அது மொதல் படம். முடியாதுன்னு சொன்னா டைரக்டரு வேற மாஸ்டரப் போட்டிருப்பான். இவன்தானே, ‘போடுங்க மச்சான், பாத்துக்கலாம்’னான். கேளு அவன! சொன்னியா இல்லையாடா?”

“சொன்னேன்,” என்றான் பஞ்சு.

“கேட்டுக்கிட்டியா?”

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காதில் விழுந்ததெல்லாம் வேறு. கொக்கி மாட்டத் தெரியாத மனுசன். சோற்றுக்கு முன்னாலும் பின்னாலும் அவள் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொன்னது. அவன் அம்மா சாகக் கிடந்தபோது, அந்தக் கிழவியின் காதுபடவே சொன்னது. அத்தனையையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருக்கிறான்.

“ஏன் சொல்லல?” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

“சொன்னா என்ன செஞ்சிருப்ப? உனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறதே அவரு ஒருத்தர்தான்.”

“அதுக்கு என்னை இப்படிப் பேச விட்டீங்களா? ராட்சசி மாதிரி?”

“நீ பேசிட்டாவது இருந்தியே.”

பிறகு அவள் அழுவாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்திருக்க வேண்டும். சமாதானம் சொல்வதற்குத் தோதாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “பாரு தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப அந்த ஷாட்ட ஊரே தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுது. இவனையும் மேடைக்குக் கூட்டிட்டுப் போறேன். நாற்காலியோட மேல தூக்கிவிடறதுக்கு ஆளு வெச்சிருக்கேன். மரியாதையா…”

“மேல தூக்கறதுக்கு,” என்றாள்.

“ஆமா.”

“வயரு போட்டா?”

மாஸ்டரின் முகம் செத்துவிட்டது. பஞ்சு கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் மெஷினை விட்டு எழுந்தாள். மடியில் கிடந்த கால்சட்டை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. பருந்து நின்றுபோயிருந்த அந்தப் படத்தை விரலால் தள்ளிவிட்டு, அண்ணன் காலையில் ஃபோனில் தயார்செய்து வைத்திருந்த காமிராவைத் திறந்தாள். அதன் கண் பஞ்சுவைப் பார்க்கவில்லை. நேரே மாஸ்டரைப் பார்த்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது.

“எந்தப் படம் ஒசத்தின்னு அவரு அப்புறமா சொல்லுவாரு. மொதல்ல நீ சொல்லுண்ணே: பருந்துக்குத் தொப்பையக் கழட்டினது யாரு?”