ரேடியேட்டரில் கொட்டிய மஞ்சள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் எனக்கு வேலையே கிடையாது. காரில் ஒரு இடம் காலியாக இருந்தது, ஏற்றிக்கொண்டார்கள்.

பெண் வீட்டுக்குப் பூ வைக்க மூன்று பேராகப் போகக்கூடாது என்பார்கள். பஞ்சாட்சரம் அண்ணன், அவர் மனைவி பாஞ்சாலி அண்ணி, மகன் வினோத்குமார் என்று எண்ணிப் பார்த்தபோது சரியாக மூன்று வந்தது. நாலாவதாக ஒரு பங்காளி வேண்டும், போன இடத்தில் வாயைத் திறக்காதவனாகவும் இருக்க வேண்டும். கதை எழுதுகிறவன் எதற்கும் உதவமாட்டான், ஆகவே எதையும் கெடுக்கவும் மாட்டான் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பூவும் பழமும் மஞ்சளும் குங்குமமும் வைத்த தாம்பாளத்தை மடியில் கொடுத்துப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். பின் சீட்டிலிருந்து ரேடியேட்டர் தெரியாது, அதனால் சில இடங்களில் அளப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் வரைவு:

உத்திரமேரூர் ஏரிக்கரை மீது இளங்கதிரவன் தன் பொற்கரங்களை

(வேண்டாம். கதிரவனுக்குக் கரம் இருந்திருந்தால் இறங்கிவந்து பானெட்டைத் திறக்க உதவியிருப்பான்.)

இரண்டாம் வரைவு:

மனித மனமும் ஒரு ரேடியேட்டர்தான். உள்ளே கொதிப்பதை வெளியே

(இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.)

மூன்றாம் வரைவு: கார் ஒழுகியது.

இது நிற்கும். பழைய வெள்ளைக் கார், ரேடியேட்டரில் ஊசி குத்தியதுபோல ஒரு ஓட்டை. ராத்திரி நிறுத்திய இடத்தில் காலையில் கைக்குட்டை அகலத்துக்கு ஈரம் இருக்கும். உத்திரமேரூர் மெக்கானிக் சுப்பிரமணி ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைக்க வேண்டும் என்று போன அறுவடையிலிருந்து சொல்கிறார். "மனுசனுக்கே வேர்க்குது, வண்டிக்கு வேர்க்கக்கூடாதா?" என்று அண்ணன் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

வினோத்குமாருக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. நெல் பயிரிடுகிறான். "பையன் விவசாயமா?" என்று கேட்டவுடன் போனை வைத்த பெண் வீடுகள் இந்தத் தாலுகாவில் நிறைய. வாலாஜாபாத்தில் இளவரசி வீட்டார் மட்டும் சரி என்றார்கள். அதுவும் தரகரிடம் அண்ணன் "எங்க வூட்ல கார் கீது" என்று அழுத்திச் சொன்ன பிறகு. அன்றைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பூ வைத்துவிட வேண்டும். தவறினால் சாயங்காலம் மாதச் சம்பளக்கார மாப்பிள்ளை ஒருவர் வருவதாக ஏற்பாடு, பெண்ணின் அப்பா அதை ஒளிக்கவும் இல்லை.

வினோத்குமாருக்குச் சிரிப்பு வரும் என்பதே அவன் இளவரசியோடு போனில் பேச ஆரம்பித்த பிறகுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை. அந்தச் சிரிப்பு அவனுக்கு நிலைக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

3

ஊரைத் தாண்டிக் காலனிக்கு நேராக வந்தபோது சூடு காட்டும் முள் மேலே ஏறி நின்றது. பானெட்டுக்குள்ளிருந்து ஆவி வந்தது.

(கதையில் கார் எப்போதும் தோதான இடத்தில்தான் நிற்குமா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நானும் ஒரு வரைவில் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்த்தேன். அங்கே தண்ணீர், காற்று, கழிப்பறை எல்லாம் இருந்தது. கதை இல்லை.)

வினோத்குமார் வண்டி ஆறும்வரை காத்திருந்து, மூடியின் மேல் துணியைப் போட்டு மெல்லத் திருகினான். வழியில் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றினான். போதவில்லை. அண்ணன் அக்கம்பக்கம் பார்த்தார். ரோட்டோரத்து முதல் வீடு அம்முலுவுடையது. அண்ணன் நிலத்தில் வருடக்கணக்காக நாற்று நட்டவர்.

"ஏ அம்முலு! வண்டிக்குத் தண்ணி குடு!"

இடுப்பில் செப்புக்குடம் பளபளக்க அம்முலு

"கொடமா? எந்தக் காலத்துல கீற நீ?" என்று அம்முலு என்னை நிறுத்தினார். "கேன்ல புடிச்சி வெச்சிக்கீறேன். பாத்து எழுது."

திருத்திவிட்டேன். நீல நிற பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கார் வயிறு நிறையக் குடித்தது. கேனில் இன்னும் மீதி இருந்தது.

"நீயும் ஒரு வாய் குடி நைனா. மூஞ்செல்லாம் வேர்த்துக்கீது."

"தாகமில்ல" என்றார் அண்ணன். சொல்வதற்கே உதட்டை நனைத்துக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

(அடிக்குறிப்பு வைக்க இடமில்லாததால் இங்கேயே: ஊருக்கும் காலனிக்கும் தண்ணீர் ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்துதான் வருகிறது. இறங்கிய பிறகு குழாய் இரண்டாகப் பிரிகிறது. தண்ணீரின் சாதி அந்த இடத்தில் முடிவாகிறது என்று நினைக்கிறேன். நான் குடித்தேனா என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவனுக்குத் தாகம் எடுக்கக்கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.)

4

ஊற்ற ஊற்றக் கீழே சொட்டியது. வினோத்குமார் மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"மஞ்சத்தூள் கீதா? ஒரு ஸ்பூன் போடு. ஓட்டைல போயி அடைச்சிக்கும். வாலாஜாபாத் வரிக்கும் தாங்கும். ஒரே ஒரு ஸ்பூன்தான், இன்னா?"

மஞ்சள்தூள் என் மடியில் இருந்தது. அண்ணி தாம்பாளத்திலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தார். முழுசையும் கொட்டினார்.

"அம்மா! ஒரு ஸ்பூன்னாரு!"

"இருக்கட்டும்டா. நல்ல காரியத்துக்குப் போற வண்டி. கண்ட தண்ணியும்..."

அதற்கு மேல் அண்ணி சொல்லவில்லை. இந்தக் கதையில் கைவிடப்பட்ட வாக்கியங்கள் எல்லாம் நான் கைவிட்டவை, இது ஒன்றைத் தவிர. இதை நான் முடித்துவைக்கப்போவதில்லை. அம்முலுவுக்கு முழுசாகவே கேட்டுவிட்டது. காலியான கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பாஞ்சாலி என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். அண்ணி நல்லவர், எனக்கு எத்தனையோ முறை சோறு போட்டவர். மஞ்சளை ஓட்டைக்காகக் கொட்டினாரா, தண்ணீருக்காகக் கொட்டினாரா? மகன் கல்யாணம் தவறிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் கை தாராளமாகிவிட்டது என்று ஒரு பத்தி எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. அடித்துவிட்டேன், ஓட்டைக்கு ஒரு ஸ்பூன் போதும் என்று அண்ணியின் காதிலும்தான் விழுந்தது.

5

ஒழுகல் நின்றது. மஞ்சளின் மகிமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஓட்டை நிஜமாகவே அடைபட்டது. அண்ணன் "பாத்தியா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். மஞ்சள் ஓட்டையோடு திருப்தி அடையாமல் ரேடியேட்டரின் எல்லாக் குழாய்களையும் சேர்த்து அடைத்துவிட்டது. காலனியின் கடைசி வீட்டைக்கூட நாங்கள் தாண்டவில்லை. முள் விறுவிறுவென்று ஏறியது, மூடியைத் தள்ளிக்கொண்டு மஞ்சள் குழம்பு பானெட் முழுக்க வழிந்தது, எஞ்சின் ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது. கல்யாண வீட்டு வாசனை அடித்தது.

"பாக்கெட்டா?" என்றார் சுப்பிரமணி போனில். "கொழம்பா வெக்கிறீங்க? இனிமே கையி வெக்காதீங்க, கட்டி இழுத்துக்கினு வாங்க."

பஸ் போய்விட்டது. அடுத்தது ராகு காலத்தோடுதான் வரும். உத்திரமேரூரில் வாடகைக் காருக்குக் கேட்டால் முகூர்த்த நாள், எல்லா வண்டியும் வெளியே என்றார்கள்.

6

அப்போது பின்னாலிருந்து குட்டியானை ஒன்று வந்து நின்றது. நெல் மூட்டை, செங்கல், மாடு எது சொன்னாலும் ஏற்றும் சின்ன லாரி. ஓட்டிவந்தவர் அம்முலுவின் மகன் சாம்சன். பக்கத்தில் அம்முலு, நல்ல புடவை கட்டியிருந்தார்.

"வாலாஜாபாத் தான் போறோம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி" என்றார் சாம்சன். "வர்றதா இருந்தா ஏறுங்க."

அண்ணன் வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். முன்னால் ஓட்டுநரைத் தவிர ஒருவர்தான் உட்காரலாம்.

"அம்முலு பின்னால குந்திக்கட்டும். நாங்க ரெண்டு பேரு முன்னால நெருக்கிக்கிறோம்."

"அவங்களுக்கு முட்டி வலி சார், மேல ஏற முடியாது. இத்தினி வருசம் உங்க டிராக்டர்ல ஏறி எறங்கித்தான் முட்டியே போச்சி."

அம்முலு நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குகிற எண்ணம் இல்லை.

வினோத்குமாரின் போன் அடித்தது. இளவரசி. அவசரத்தில் இதையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"எங்க கீறீங்க? எங்கப்பா காலண்டரையும் வாசலையும் மாத்தி மாத்திப் பாத்துக்கினு கீறாரு."

"கார் நின்னுடுச்சி. ஒரு... லோடு வண்டிதான் கீது."

"எதுல வேணா வாங்க. வந்தா போதும்."

7

முடிவு அ: வினோத்குமார் தாவி ஏறுகிறான். அண்ணனும் கண் கலங்கி ஏறுகிறார். செங்கல் தூள் மேல் எல்லோரும் சமமாகக் குலுங்கிக்கொண்டு போகிறார்கள்.

(எனக்கு ஒரு சால்வை நிச்சயம். ஊரே மாறிக்கொண்டிருக்கிறது என்று நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.)

முடிவு ஆ: யாரும் ஏறவில்லை. குட்டியானை போகிறது. மஞ்சள் வழிந்த காருக்கு முன்னால் ராகு காலம் பிறக்கிறது.

(என்ன துணிச்சல் என்று எழுதுவார்கள். அதற்கும் சால்வைதான்.)

நடந்தவரை எழுதிவிடுகிறேன். சாம்சன் இறங்கி, பின்பக்கம் ஏறி, உட்காருவதற்காகச் சாக்குகளை உதறி விரித்தார். பிறகு ஏறுகிறவர்களுக்குப் பிடிமானமாகக் கையை நீட்டினார். வினோத்குமார் டயர் மேல் ஒரு காலை வைத்தான்.

"டேய் வினோத்து" என்றார் அண்ணன். அதட்டலாக இல்லை, கெஞ்சலாக இருந்தது. "கார்ல வர்றோம்னு சொல்லிக்கீறேன்டா."

வினோத்குமார் திரும்பி அப்பாவைப் பார்த்தான். காலை எடுக்கவும் இல்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. இங்கே நிறுத்திவிட்டால் அழகான முடிவு என்று நான் பேனாவை மூடப்போனேன்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?" என்று முன்னாலிருந்து அம்முலுவின் குரல் வந்தது. "உங்கூட்டு ரோசனைக்கு என் புள்ள கையி நீட்டிக்கினே நிக்கணுமா? ஆஸ்பத்திரில சீட்டு குடுக்கறத மூடிடுவான். சாம்சா, வண்டிய எடு."

அவர் என் பேச்சைக் கேட்கிற பாத்திரம் இல்லை. சாம்சன் கையை மடக்கிக்கொண்டார், குதித்து இறங்கினார், ஓட்டுநர் கதவைச் சாத்தினார். எஞ்சின் கிளம்பியதும் வினோத்குமாரின் கால் டயரிலிருந்து தரைக்கு வந்தது.

ஒரு கூப்பிடு கூப்பிட்டால் வண்டி நிற்கும், சாம்சன் அப்படிப்பட்டவர். கூப்பிடுவதற்குத்தான் ஒரு சொல் வேண்டும். சாம்சன் வினோத்குமாரைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆனால் எங்கள் வீடுகளில் பல் முளைக்காத பிள்ளைகூட அவரை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டுப் பழக்கம். பின்னால் ஓடிக்கொண்டு ஒருவரை அப்படிக் கூப்பிட முடியாது. வேறு சொல் எதையும் அவனுக்கு நாங்கள் கற்றுத்தரவில்லை.

வண்டி நகர்கிறது. வினோத்குமார் பின்னால் ஓடுகிறான், வாயைத் திறந்துவிட்டான். நான் எங்கள் வீட்டு ஆள், அந்தச் சொல் எனக்கும் வராது. நீங்கள் சொல்லிக்கொடுங்கள், சீக்கிரம்.