சங்கத்துக்கு ஒரு பெயர்

ஒன்பதாவது நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். பஞ்சில் மண்ணெண்ணெய். அப்பாவின் கை சொன்னபடி கேட்டது. உயிரோடிருந்தவரை ஒரு நாளும் இப்படி யாரிடமும் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா கிடந்ததில்லை.

"நல்லாத் தொடைடி. பெரிய மனுசங்க வர்ற நேரம். இப்பவும் கிரீஸோடயா கெடப்பாரு" என்றாள் அம்மா.

பெரிய மனிதர்கள் வந்தேவிட்டார்கள். செயலாளர், பொருளாளர், ஒரு மலர்வளையம். குண்டைத் தட்டி ஆடுகிற பழைய பின்பால் மெஷின்களையும் வீடியோ கேம் பெட்டிகளையும் தேடி வாங்கிப் பழுதுபார்க்கிற சங்கம் அவர்களுடையது. சங்கம் பழுதுபார்க்கிறது என்று பேர்; பார்த்தது அப்பா. பன்னிரண்டு வருடம், ஞாயிறு தவறாமல், மெஷினுக்கடியில் மல்லாந்து கிடந்து. கருகிய செம்புக்கம்பிக் காயிலை மாற்றி, இரும்புக் குண்டை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுப் பார்ப்பார். ஓடினால் கை கழுவப் போய்விடுவார். மிச்ச ஆட்டம் உறுப்பினர்களுக்கு.

"சங்கத்துக்குப் பேர் மாத்துறோம்மா" என்றார் செயலாளர். "பின்பால்னு முன்னால வரணும்னு ஒரு கோஷ்டி, வீடியோ கேம்தான் முன்னாலன்னு ஒரு கோஷ்டி. ஆறு மாசமா குடுமிப்பிடி. நேத்து சேதி வந்ததும் எல்லாரும் ஒரே வாயாச் சொல்லிட்டாங்க, மெக்கானிக் பேரையே வெச்சிடலாம்னு."

"அவரு பேருன்னா யாருக்கும் ஆட்சேபணை இல்ல பாருங்க" என்றார் பொருளாளர்.

நேற்றிலிருந்து முதல் தடவையாக அம்மாவின் முகம் தெளிந்தது. அதுதான் மகளுக்கு எரிந்தது.

செயலாளர் பேனாவைத் திறந்தார். "போர்டு எழுதக் குடுக்கணும். முழுப் பேரு என்னம்மா?"

பஞ்சு நின்றது.

"சொல்லேன்டி" என்றாள் அம்மா.

"அவரு உங்க மெம்பரா சார்?" என்றாள் மகள்.

"அது... சொந்தமா ஒரு மெஷினாவது வெச்சிருக்கணும்னு விதி இருக்கேம்மா."

"உங்க ஹால்ல பதினோரு மெஷின் ஓடுது."

"ஓடுது, இல்லேங்கல. விதி விதிதானே."

"அப்ப உங்க ஃபைல்லயே தேடுங்க. சேத்துக்கச் சொல்லி ரெண்டு தடவை மனு குடுத்தாரு. அவருக்கு எழுத வராது. நான் எட்டாவது படிக்கிறப்ப ஒண்ணு எழுதினேன், டிகிரி வாங்கின வருஷம் ஒண்ணு. முழுப் பேரு, விலாசம், எல்லாம் குண்டு குண்டா எழுதியிருக்கு."

செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார்.

"ஹால் மாத்துறப்ப பழைய காகிதமெல்லாம் கழிச்சாச்சு..."

"ரெண்டு தடவையா?" என்றாள் அம்மா.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

செயலாளர் அம்மா பக்கம் திரும்பினார். "சின்னப் பொண்ணு, கோவத்துல பேசுது. நீங்க சொல்லுங்கம்மா."

"என்ன பதில் குடுத்தீங்க அவருக்கு?" என்றாள் அம்மா.

பேனா திறந்தபடியே இருந்தது. வெளியே யாரோ நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்து வந்தாள். மகளின் விரலிடுக்கிலிருந்து பஞ்சை வாங்கினாள். மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்து இறுக மூடினாள்.

வலது கட்டைவிரல் இன்னும் பாக்கி இருந்தது.