பனிக்கடல் மீனின் தலை

விடிந்ததும் றொபின்சன் எழும்பினான். கேத்தலை அடுப்பில் வைத்தான். பாண் வண்டி வந்தது. ஒரு றாத்தல் வாங்கி, ஒரு துண்டு வெட்டித் தின்றான். தேத்தண்ணி குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்தான்.

திரையில் அந்தாட்டிக்கா மீனொன்றின் மண்டையோடு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று துருவக் கடல் மீன்களை எக்ஸ்ரே எடுத்து அனுப்பும். விலங்கியல் பட்டதாரியான அவன் தாடை முனை, கண்குழி, செவுள் மூடி என்று ஒவ்வொரு தலையிலும் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளை ஒப்பிட்டால் தலைகள் மாறிய விதம் தெரியும். தென்கடல் குளிர்ந்து உறைந்தபோது பழைய மீன்கள் பல அழிந்தன. தாக்குப்பிடித்த ஒரு வம்சத்துக்குக் கடல் காலியாகக் கிடைத்தது. அதன் வழிவந்தவற்றில் சிலவற்றுக்கு மூஞ்சி நீண்டது. சிலவற்றுக்குத் தலை தட்டையாகி வாய் அகன்றது.

"இந்தா, இது உங்கட சாள்ஸ் சித்தப்பா" என்பாள் டெனிஷா, அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து. "வாயப் பாருங்க, கோயில்ல பாடுற மாதிரியே!"

இப்போது எட்டிப் பார்க்க மனைவி இல்லை. அவளுடைய முப்பத்தோராம் நாள் பூசை வருகிற ஞாயிறு. ஆலங்குடாவில் இந்த வீடும் காலியாகத்தான் கிடந்தது. அவனில் எதுவும் மாறவில்லை.

அன்றைய வேலை பழைய மீன்களை மறுபடி குறிப்பது. ஒரே தலையில் இருமுறை புள்ளி வைத்தால் இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று தெரியும். விலகல் குறைந்தால் கவனம் சிதறவில்லை என்று பொருள். வந்தவற்றில் ஒன்று, டெனிஷா தலையைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்ற மாலையில் குறித்த மீன்.

அன்று கண் மட்டுமே மீனில் இருந்தது, மனம் அவளிடம்தான் இருந்தது. இத்தனை நாளும் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிவந்தான். குறித்து முடித்தான். கணக்கு வந்தது. அவன் குறித்த அத்தனை மீன்களிலும் ஆகக் குறைந்த விலகல் அதற்குத்தான்.

அப்போது படலை திறந்தது. டெனிஷாவின் தாய் அனஸ்தாசியா, புத்தளத்தில் அடித்த நினைவு அட்டையின் மாதிரியோடு வந்தாள். மகளின் படத்துக்குக் கீழே தங்க எழுத்து: 'இறுதி மூச்சில் இயேசுவை அழைத்தவள்.'

"சரியா எண்டு பாருங்க மகன். பாதர் பிரசங்கத்திலயும் இதச் சொல்லப்போறாராம்."

ஆஸ்பத்திரி வாசலில், "என்ர பிள்ள கடைசியா என்ன சொன்னா?" என்று அவள் கதறியபோது அவன் வாயில் வந்தது அதுதான்.

"மாமி, இது பொய்."

"எது? திகதியா? நான் அச்சடிக்கிறவனிட்ட ரெண்டு தரம் சொன்னனே..."

"அவ சேசுவக் கூப்பிடல்ல. நான் போய்ப் பாக்கக்குள்ள பேச்சு மூச்சில்லாமக் கிடந்தா. மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிட்டுது எண்டு டொக்டர் சொன்னது மட்டும்தான் உண்ம."

அனஸ்தாசியா அட்டையை மடியில் கவிழ்த்தாள். "பக்கத்தில இருந்தன் எண்டு சொன்னீங்களே."

"பக்கத்திலதான் இருந்தன். இந்த மீனப் பாத்துக்கொண்டு. தல வெடிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போவமா எண்டு கேட்டா. இத முடிச்சிட்டுப் போவம் எண்டு சொன்னன். திரும்பியும் பாக்கல்ல."

அனஸ்தாசியா திரையைப் பார்த்தாள். மீன் வாயைத் திறந்தபடி இருந்தது. அடிப்பாள் என்று அவன் நினைத்தான். அடித்திருந்தால் நல்லது.

"அதுக்கு அவ ஒண்டும் சொல்லல்லயா?"

"சொன்னா."

"அப்ப அதச் சொல்லுங்க. பாதருக்கு வேணாம். எனக்குச் சொல்லுங்க."

அவன் சொன்னான்.

"முடிச்சிட்டே வாங்க, றொபி. அவசரமில்ல. நான் கொஞ்சம் சரிஞ்சு கிடக்கிறன்."